அங்குலக் கணக்கு

முதல் வருஷம் கூரிச்சாமியைக் கூலிக்கு அமர்த்தினேன்.
நாளுக்கு ஏழு ரூபாய்.
முப்பது அங்குலத்துக்கு மேல் கொம்பு நீண்டால்
அங்குலத்துக்கு ஒரு ரூபாய் கூட.
"சின்னதுக்கும் ஏழுதான் சார்,
ஆனா சின்னதைச் சுட விடமாட்டேன்."

வாலிநோக்கத்துக்கு மேற்கே
உடைமுள் அடர்ந்த மணல்மேடு.
துப்பாக்கி என்னுடையது,
கலெக்டர் ஆபீஸ் லைசென்ஸ் என்னுடையது.
இருட்டு, தடம், எப்போது உட்காருவது,
எல்லாம் அவருடையது.
பீடிச் சாம்பலை உதறிப் பார்த்து
"சோழகம் எழும்புறதுக்குள்ள முடிக்கணும்" என்றார்.
எனக்கு வந்த தும்மலைக்கூட
அவர் உள்ளங்கைதான் அடக்கியது.

"இது இல்லை."
வெகுநேரம் கழித்து, "இதுவும் இல்லை."
கிழக்கு வெளுத்தபோது
குழலை அரை விரல் இடப்பக்கம் நகர்த்தி
"இப்ப" என்றார்.
விசையை அழுத்தினேன்.

முப்பத்து நாலே கால் அங்குலம்.
நாலே கால் ரூபாய்க்குச் சில்லறை இல்லாமல்
ஐந்தாகக் கொடுத்தேன்.
முக்கால் ரூபாயை மறுநாள்
ஆள்விட்டுத் திருப்பி அனுப்பினார்.

கீழக்கரையில் நான் சப்-ரிஜிஸ்ட்ரார்.
யாருடையது எது என்று எழுதி முத்திரை குத்துவது என் பிழைப்பு.
கூடத்துச் சுவரில் கொம்பைப் பார்த்து
"சார் சுட்டதா?" என்பார்கள்.
"நான்தான்."
பத்திரப்படி அது சரி.

அடுத்த வருஷம்
"நாமளே போவோம், எதுக்கு ஆளு" என்றவர்
கம்பவுண்டர் தேவசகாயம்.
லாரி சீனிக்கட்டி மரைக்காயருடையது.
ஒரு சர்வே வரைபடம், ஐந்து செல் டார்ச்,
ஓலைப்பெட்டி நிறையத் தொதல்.
யார் முதலில் சுடுவதென்று சீட்டுக் குலுக்கினோம்.

முதல் நாள் கண்டது வெள்ளாடு.
இரண்டாம் நாள் உப்போடைச் சேற்றில்
லாரியின் பின்சக்கரம்.
ஒரு குளம்படியை நானே, நானாகவே கண்டுபிடித்தேன்.
அதுவும் ஆடு என்றார் தேவசகாயம்.
இரவு முழுக்க அவரோடு பேசவில்லை.
சொல்லத்தான் வேண்டும்:
அந்த இரண்டு நாளைப் போல்
நான் சந்தோஷமாக இருந்ததில்லை.

மூன்றாம் நாள் வெயில் ஏறியபின்
அது அதுவாக வந்தது.
சேற்றின் ஓரத்தில் தலை தாழ்த்தி
உப்பை நக்கியது.
முப்பத்தாறு, இல்லை, முப்பத்தாறரை,
கண்ணாலேயே அளந்துகொண்டிருந்தேன்.
பிடரியில் சில்லென்று ஒரு காற்று
கடலிலிருந்து.
அது தலை தூக்கியது.
சுட்டேன்.

பின்னங்காலை இழுத்துக்கொண்டு
உமரிச் செடிகளுக்குள் போனது.
சித்திரை வெயிலில் உமரி பழுத்து
மைல் கணக்கில் சிவப்பாய்க் கிடந்தது.
மூன்று பேரும் குனிந்து
ஒவ்வொரு சிவப்பாகத் தொட்டுப் பார்த்தோம்,
ஈரமா, இலையா.
இருட்டும்வரை.
தொதல் தீர்ந்திருந்தது.
யாரும் யாரையும் குறை சொல்லவில்லை,
சொல்ல ஒருவர் இல்லை.

காற்சட்டை முழங்காலில் ஒரு கறை.
உமரி என்றால் ஒரே வெளுப்பில் போய்விடுமாம்.
மூன்று வெளுப்பு ஆயிற்று.

பத்து நாள் கழித்து
யாருடைய கிரயத்துக்கோ சாட்சியாக
கூரிச்சாமி ஆபீஸுக்கு வந்தார்.
இடது பெருவிரலை மையில் அழுத்தி
நான்தான் உருட்டினேன்.
விரலைக் கொடுத்தபடியே கேட்டார்:
"எந்தக் காலு?"
"இடது. பின்னங்கால்."
"எந்தப் பக்கமாப் போச்சு?"
"தெரியலை."
மையைத் தலைமுடியில் துடைத்துக்கொண்டு
வெளியே போனார்.
ஜன்னல் வழியே பார்த்தேன்.
பஸ் நிற்கும் பக்கம் போகவில்லை.

இழுப்பறையிலிருந்து ஏழு ரூபாய் எடுத்து
மேசைமேல் வைத்தேன்.
அடுத்த பத்திரக்காரர்
கட்டணமா என்று கேட்டார்.